பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறவருக்கு: புதுச்சேரிச் சாவடியில் அதிகாலை முதல் வாக்குக் கணக்குப் படிவமான 17சி கைக்கு வரும்வரை

புதுச்சேரியில் ஒரு சட்டமன்றத் தொகுதி என்பது மிகச் சிறியது. 2021 பொதுத்தேர்தலில் மொத்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம், தொகுதிகள் 30. சராசரியாகத் தொகுதிக்கு 33,000 பேர். எல்லையைத் தாண்டிக் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ போனால் ஒரே தொகுதியில் 2 லட்சத்துக்கு மேல் இருப்பார்கள். அந்தமானும் லட்சத்தீவும் கடலில் கிடக்கும் யூனியன் பிரதேசங்கள். அங்கே தலா ஒரு மக்களவை உறுப்பினர் மட்டும்தான், சட்டமன்றம் கிடையாது. நம்முடையது தரையிலேயே தீவுகளாகச் சிதறியிருக்கும் பிரதேசம்: புதுச்சேரியில் 23 தொகுதி, காரைக்காலில் 5, கேரளத்துக்குள் மாகே 1, ஆந்திரத்துக்குள் ஏனாம் 1. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தால் இதற்குச் சொந்தச் சட்டமன்றம் உண்டு.

தொகுதி சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு சாவடிக்கும் எடை கூடுகிறது. 2021-ல் ஏனாமில் என். ரங்கசாமி ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் 700-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். ஒரு பெரிய சாவடியில் பதிவாகும் மொத்த வாக்குகளே அதைவிட அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாவடியின் கணக்கு குழம்பினால் முடிவே குழம்பும். அதனால்தான் வேட்பாளர் சார்பில் சாவடிக்குள் இருந்து கவனிக்கும் பூத் ஏஜென்ட் (வாக்குச்சாவடி முகவர்) வேலையைக் கட்சிக்காரர் யாராவது ஒருவர் போய் உட்கார்ந்து வரும் வேலையாக நினைக்கக்கூடாது என்கிறோம். அது எண்களைக் காக்கும் வேலை. காலையில் குறித்த எண்ணை மாலையில் ஒப்பிட வேண்டும், மாலையில் வாங்கிய எண்ணை எண்ணிக்கை நாளில் ஒப்பிட வேண்டும். குரல் உயர்த்தத் தெரிந்தவரைவிட நோட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவரைத்தான் சாவடிக்குள் அனுப்ப வேண்டும்.

முந்தைய வாரம்: பட்டியலும் படிவம் 10-உம்

முதலில் உங்கள் பாகத்தின் (தொகுதிப் பட்டியலில் உங்கள் சாவடிக்கு உரிய பகுதியின்) இறுதி வாக்காளர் பட்டியல், துணைப் பட்டியலோடு சேர்த்து, கையில் இருக்க வேண்டும். பழைய பட்டியல் எதற்கும் உதவாது. 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தில் புதுச்சேரியும் இருந்தது. சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர் என்ற வரம்பும் வந்தது. இதனால் பாக எண், வரிசை எண், சாவடி இருக்கும் பள்ளி என்று எதுவும் மாறியிருக்கலாம். போன தேர்தலின் பூத் சிலிப்போடு வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கலாம்.

பட்டியலைத் தெருத்தெருவாக எடுத்துக்கொண்டு நடந்து மூன்று வகைப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இறந்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள். சாவடியை நடத்தும் தலைமை அலுவலரிடமும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று குறிக்கப்பட்ட பெயரில் ஒருவர் வாக்களிக்க வந்தால் அடையாளத்தை அவர் கூடுதல் கவனத்தோடு சரிபார்க்க வேண்டும். உங்கள் பட்டியலும் அவருடையதும் ஒத்துப்போனால் நாள் முழுக்கச் சச்சரவு குறையும். 85 வயதைக் கடந்து வீட்டிலேயே தபால் வாக்கு போட்டவர்கள், 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களில் அப்படிப் போட்டவர்கள் ஆகியோர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்ற குறி இருக்கும். அவர்கள் மறுபடி சாவடிக்கு வந்தால் வாக்கு கிடையாது. இதை முன்கூட்டியே அந்த வீட்டாரிடம் சொல்லி வைப்பது நல்லது. வீல்சேரில் வந்து திரும்பிப் போகும் பெரியவரைப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

படிவம் 10 உங்கள் நியமனக் கடிதம். வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ கையெழுத்திட வேண்டும். சாவடிக்கு ஒரு முகவர், மாற்றாள் இரண்டு பேர்; ஒரு நேரத்தில் உள்ளே ஒருவர்தான். மூன்று பேருக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும். தலைமை அலுவலரிடம் வேட்பாளரின் மாதிரிக் கையெழுத்து இருக்கும். அதோடு ஒப்பிட்டுத்தான் உங்களை உள்ளே விடுவார். கடைசி இரவில் வேட்பாளருக்குப் பதில் வேறு யாரோ வேகமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்த படிவம் அதிகாலையில் வாசலிலேயே நிற்கும். நீங்கள் அந்தச் சாவடியின் வாக்காளராக இருப்பதே முறை. அங்கே ஆள் கிடைக்காதபோது அதே தொகுதியின் வேறு வாக்காளரை நியமிக்கலாம். அரசு ஊழியர் முகவராக உட்காரக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவின்படி அது தண்டனைக்குரியது, மூன்று மாதம் வரை சிறை. புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் அரசு வேலையில் இருக்கும் தெருக்கள் நிறைய. ஆள் தேர்வு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கையில் கொண்டு போக வேண்டியவை: படிவம் 10, வாக்காளர் அடையாள அட்டை, பட்டியல், கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, கைக்கடிகாரம், சில 2 ரூபாய் நாணயங்கள், தண்ணீர், சாப்பாடு. கைபேசி உள்ளே அனுமதி இல்லை. மணி பார்க்கக் கடிகாரம் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். நாணயம் எதற்கு என்பது கீழே வரும்.

அதிகாலை: மாதிரி வாக்குப்பதிவு

வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்துக்கு 90 நிமிடம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு. 7 மணிக்குத் தேர்தல் என்றால் 5.30. குறைந்தது இரண்டு முகவர்கள் வரவேண்டும் என்று தலைமை அலுவலர் 15 நிமிடம் காத்திருப்பார். யாரும் வராவிட்டாலும் அதற்குமேல் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம். 6.45-க்கு வந்து சேரும் முகவர் நாளின் முக்கியமான ஒரு மணி நேரத்தை இழந்துவிடுகிறார். 5 மணிக்கே வாசலில் இருங்கள்.

இயந்திரம் மூன்று துண்டு: வாக்காளர் பொத்தான் அழுத்தும் பேலட் யூனிட், அலுவலர் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட், சீட்டு அச்சிடும் விவிபாட். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் இயந்திரம் எந்தச் சாவடிக்கு என்ற பட்டியலைத் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளர்களுக்கு முன்பே கொடுத்திருப்பார். அந்தப் பட்டியலோடு மூன்று எண்களையும் ஒப்பிட்டு நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கன்ட்ரோல் யூனிட்டை இயக்கியதும் திரையில் தேதி, நேரம், பேட்டரி நிலை தெரியும். அதையும் எழுதுங்கள். உங்கள் கடிகாரத்துக்கும் திரையின் நேரத்துக்கும் சில நிமிட வித்தியாசம் இருந்தால் அதை இப்போதே குறித்து வைத்தால் மாலையில் யாரும் அதைப் பெரிதாக்க முடியாது.

மாதிரியில் குறைந்தது 50 வாக்கு, நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்றாவது விழ வேண்டும். இங்கே பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறார்கள்: 10 பொத்தான் இருந்தால் ஆளுக்கு 5 என்று சமமாக அழுத்திவிடுகிறார்கள். எல்லோருக்கும் 5 என்றால் மூன்றாம் பொத்தானின் வாக்கு நான்காவதற்கும் நான்காவதின் வாக்கு மூன்றாவதற்கும் போனாலும் முடிவில் தெரியாது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்ணிக்கை கொடுங்கள். முதல் பொத்தானுக்கு 1, இரண்டாவதற்கு 2, இப்படிப் பத்தாவது நோட்டாவுக்கு 10 என்றால் மொத்தம் 55. விதியும் நிறைவேறும், சோதனையும் உண்மையான சோதனையாகும். 8 பொத்தான் மட்டுமே என்றால் 3-இல் தொடங்கி 10 வரை போங்கள், 52 வரும். விவிபாட் சீட்டு கண்ணாடிக்குள் 7 வினாடி தெரியும். ஒரு வாக்குக்கு 15 வினாடி என்று வைத்தாலும் 55 வாக்குக்குச் சுமார் 14 நிமிடம்தான் ஆகும். நேரமில்லை என்று யாராவது அவசரப்படுத்தினால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

முகவர்கள் அழுத்த அழுத்த, ஒருவர் தாளில் கோடு போட்டுக்கொண்டே வரவேண்டும். முடிந்ததும் வரிசை இதுதான்: மூடும் பொத்தான், முடிவுப் பொத்தான், பிறகு அழிக்கும் பொத்தான். திரையில் வரும் முடிவை உங்கள் கோட்டுக் கணக்கோடும், விவிபாட் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணிய சீட்டுகளோடும் ஒப்பிட்ட பின்புதான் அழிக்க வேண்டும். இயக்கியவுடன் விவிபாட் தன் நிலையைக் காட்டும் சில சீட்டுகளையும் அச்சிட்டுப் பெட்டியில் போடும். அவற்றை வாக்குச் சீட்டோடு சேர்த்து எண்ணி, கூடுதலாக வருகிறது என்று பதற வேண்டாம்.

அழித்த பிறகு மொத்தம் என்ற பொத்தானை அழுத்தச் சொல்லி 0 காட்டுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். நாங்கள் இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் மாதிரி வாக்குகளை அழிக்க மறந்துவிடுவது தேர்தல் பணியில் அறியப்பட்ட பழைய பிழை. உண்மையான வாக்குகளின் மேல் 55 மாதிரி வாக்குகள் ஏறிக்கொள்ளும். எண்ணிக்கை நாளில் அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைத்து விவிபாட் சீட்டுகளை எண்ணும் நிலை வரும். அந்த ஒரு பொத்தானைக் கவனிக்க நான்கு முகவர்கள் இருக்கும்போது இது நடக்கவே கூடாது.

விவிபாட் பெட்டியும் காலி என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். மாதிரிச் சீட்டுகளின் பின்புறம் மாதிரி வாக்குச் சீட்டு என்று முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைத்து, அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்டுவார்கள். நீங்கள் கையெழுத்திட வேண்டிய இடங்கள் இதில் பல. மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழிலும் கையெழுத்து உண்டு. எண்களைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

முத்திரை எண்கள்

கன்ட்ரோல் யூனிட்டின் முடிவுப் பகுதியை மூடி, பச்சைத் தாள் முத்திரை, சிறப்பு அட்டை, முகவரி அட்டை, வெளிப்பட்டை முத்திரை என்று வரிசையாக வைப்பார்கள். பச்சைத் தாள் முத்திரையில் தலைமை அலுவலரும், விரும்பும் முகவர்களும் கையெழுத்திடலாம். கட்டாயம் போடுங்கள். எண்ணும் மேசையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் உங்கள் கட்சியின் எண்ணிக்கை முகவர் இது அதே இயந்திரம்தான் என்று நிம்மதி அடைவார். ஒவ்வொரு முத்திரைக்கும் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒட்டும்போதே எழுதிக்கொள்ள வேண்டும், ஒட்டி மடித்த பிறகு சில எண்கள் தெரியாது. ஒட்டும்போது கிழிந்து வீணான முத்திரை இருந்தால் அதன் எண்ணும் வேண்டும்.

வாக்குப்பதிவு தொடங்குமுன் தலைமை அலுவலர் குறியிட்ட வாக்காளர் பட்டியலையும், 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டையும் காட்டி, பதிவேட்டில் எதுவும் எழுதப்படவில்லை என்று உறுதிமொழி படிப்பார். பதிவேட்டின் முதல் பக்கம் காலியா என்று எட்டிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

வாக்குப்பதிவின்போது

முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். உங்கள் பட்டியலில் டிக் போடுங்கள். கேட்கவில்லை என்றால் மறுபடி படிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை அல்லது ஆணையம் சொன்ன 12 மாற்று ஆவணங்களில் ஒன்று: ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படமுள்ள ஓய்வூதிய ஆணை போன்றவை. பூத் சிலிப் மட்டும் அடையாளம் ஆகாது. பெயரில் ஓர் எழுத்து, தந்தை பெயரில் ஒரு முதலெழுத்து மாறியிருப்பதை வைத்து ஒருவரைத் தடுக்கக் கேட்காதீர்கள். ஆள் அவர்தான் என்று தெரிந்தால் எழுத்துப் பிழை தடையில்லை. நம் ஊரில் பிரெஞ்சு எழுத்துமுறையில் பெயர் எழுதிய பழைய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் அட்டையில் ஒன்றும் பட்டியலில் ஒன்றுமாக இருப்பது சாதாரணம்.

ஆள் மாறாட்டம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு முறை சேலஞ்ச் ஓட்டு. தேர்தல் நடத்தும் விதிகளில் விதி 49ஜே-யின்படி 2 ரூபாய் ரொக்கமாகக் கட்டி எதிர்க்க வேண்டும். இதற்குத்தான் அந்த நாணயம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். சொன்னவர் நீங்கள் என்பதால் ஆதாரம் முதலில் நீங்கள் தர வேண்டும். நிரூபித்தால் அந்த நபர் போலீஸிடம் ஒப்படைக்கப்படுவார், உங்கள் பணம் திரும்பும். நிரூபிக்க முடியாவிட்டால் அவர் வாக்களிப்பார். வீண் எதிர்ப்பு என்று கருதினால் 2 ரூபாய் போய்விடும். பணம் சிறிது, ஆனால் காரணமில்லாமல் மூன்று பேரை எதிர்த்த முகவரின் நான்காவது எதிர்ப்பை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

இதில் புதுச்சேரிக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. பிரான்சின் தேர்தலுக்கு அவர்கள் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சுக் குடிமகனுக்கு இந்தியத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பவர் வந்து நிற்கும்போது, இவர் பிரெஞ்சுக் குடிமகன் என்று சாவடியில் சொல்லிப் பயனில்லை. அங்கே எதிர்க்க முடிவது அடையாளத்தை மட்டும்தான்: இந்தப் பெயருக்கு உரியவர் இவரா, இல்லையா. குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய கேள்விகளைத் தலைமை அலுவலர் விசாரிக்க முடியாது. அதற்கான வழி பட்டியல் திருத்தக் காலத்தில் பெயரை நீக்கக் கோரும் படிவம் 7. தேர்தலன்று அதைக் கிளப்பினால் வரிசை நிற்கும், வெயிலில் நிற்கிறவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள், நஷ்டம் எல்லோருக்கும்.

இன்னொன்று எல்லை. பாகூர், திருபுவனை, மண்ணாடிப்பட்டு பக்கம் நம் ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. கல்யாணம், வேலை என்று இரண்டு பக்கமும் பெயர் ஏறியவர்கள் உண்டு. ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது. ஒரே வகைத் தேர்தலில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் வாக்களித்தால் எல்லா வாக்குகளுமே செல்லாதவை. 2021-ல் இரு பக்கமும் ஏப்ரல் 6 அன்றே வாக்குப்பதிவு நடந்தது. அப்படி ஒரே நாளில் வரும்போது விரல் மையைக் கவனிப்பது முக்கியம்: இடது ஆள்காட்டி விரலை அலுவலர் பார்க்கிறாரா, அழிந்த தடம் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். ராணுவத்தில் இருப்பவருக்காகப் பதிலாளாக வாக்களிப்பவருக்கு மட்டும் மை இடது நடுவிரலில் வைக்கப்படும். அவர் தன் சொந்த வாக்கைத் தனியாகப் போடலாம். இது தெரியாமல் சண்டை போட வேண்டாம்.

உண்மையான வாக்காளர் வந்து பார்க்கும்போது அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்திருந்தால், விதி 49பி-யின்படி (ஆங்கில எழுத்து P) அவருக்கு டெண்டர் ஓட்டு உண்டு. இயந்திரத்தில் இல்லை, தாள் வாக்குச்சீட்டில். 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கித் தனி உறையில் வைப்பார்கள். அது எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றத்துக்கு வழக்கு போனால் உதவும். அதனால் டெண்டர் ஓட்டு கேட்டவர்களின் வரிசை எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள். வித்தியாசம் குறைவான தொகுதியில் இந்தப் பக்கம்தான் வழக்கறிஞர் முதலில் கேட்கும் பக்கம்.

பொத்தான் ஒன்று, சீட்டில் வந்த சின்னம் வேறு என்று வாக்காளர் புகார் சொன்னால் விதி 49எம்ஏ. அவர் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். பொய் என்றால் தண்டனை உண்டு என்று எச்சரித்த பிறகு 17ஏ-யில் அவருக்கு இரண்டாவது பதிவு போட்டு, தலைமை அலுவலர், முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு போடச் செய்வார்கள். புகார் உண்மை என்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவை உடனே நிறுத்தி மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பொய் என்றால் அந்தச் சோதனை வாக்கு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்று குறித்து, எண்ணும்போது கழிப்பார்கள். அந்த வேட்பாளர் பெயரும் வரிசை எண்ணும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

பார்வையற்றவர், தனியாகப் பொத்தான் அழுத்த முடியாத அளவுக்குத் தளர்ந்தவர் ஆகியோருடன் 18 வயது நிறைந்த ஒருவர் துணையாகப் போகலாம். ஒரே ஆள் அன்று ஒருவருக்குத்தான் துணை. படிவம் 14ஏ-வில் பெயர் பதிவாகும். ஒரே இளைஞர் காலையிலிருந்து பாட்டிமார்களை ஒவ்வொருவராக அழைத்து வந்தால் அதைச் சுட்டிக்காட்டுவது உங்கள் கடமை. வாக்காளர் மறைப்புக்குப் பக்கத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். யார் வாக்களித்தார், யார் இன்னும் வரவில்லை என்று சீட்டு எழுதி வெளியே அனுப்புவதும் கூடாது. பட்டியல் வெளியே போகக்கூடாது. வெளியில் பந்தல் போட்டிருப்பவர்கள் 100 மீட்டருக்கு அப்பால்தான் இருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு வேலை செய்யுங்கள். கன்ட்ரோல் யூனிட்டின் மொத்தத்தையும், 17ஏ-யின் கடைசி வரிசை எண்ணையும் கேட்டு நேரத்தோடு எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்துக்கு இன்னும் போகாத ஒருவர், இருவர் அளவுக்கு வித்தியாசம் இருக்கலாம். அது 5, 6 என்று வளர்ந்தால் ஏதோ விடுபடுகிறது: கையெழுத்திட்ட பின் வாக்களிக்க மறுத்தவர் பதிவாகவில்லை, அல்லது அலுவலர் கன்ட்ரோல் யூனிட்டில் வாக்குக்கான பொத்தானை அழுத்தாமல் ஒருவரை அனுப்பிவிட்டார். 11 மணிக்குக் கண்டுபிடித்தால் யார் என்று நினைவிருக்கும். மாலை 6 மணிக்குக் கண்டுபிடித்தால் யாருக்கும் நினைவிருக்காது.

இயந்திரம் நின்றால்

விவிபாட் மட்டும் பழுது என்றால் அதை மட்டும் மாற்றுவார்கள், புதிய மாதிரி வாக்குப்பதிவு தேவையில்லை. பேலட் யூனிட்டோ கன்ட்ரோல் யூனிட்டோ பழுதானால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதிய தொகுப்பில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒரு வாக்கு வீதம் மாதிரி போட்டு, மறுபடி அழித்து, மறுபடி முத்திரை. அப்போது பழைய கன்ட்ரோல் யூனிட்டின் மொத்தம், நின்ற நேரம், கடைசி வாக்காளரின் 17ஏ எண், புதிய மூன்று எண்கள், புதிய முத்திரை எண்கள் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். பழையதில் விழுந்த வாக்குகளும் எண்ணப்படும். அதுவும் உங்கள் கண் முன்னே முத்திரையிடப்பட வேண்டும். விவிபாட்டைச் சன்னல் வெயில் நேராகப் படும் இடத்திலோ பளிச்சென்ற விளக்குக்கு அடியிலோ வைத்திருந்தால் காலையிலேயே சொல்லி நகர்த்துங்கள். அதிக வெளிச்சம் அதைத் தடுமாற வைக்கும்.

முடிவு நேரமும் 17சி-யும்

நேரம் முடியும்போது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் வாக்கு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டுகளை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டு வருவார். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போகும் என்பதுதான் காரணம். கடைசி ஆள் வாக்களித்ததும் கன்ட்ரோல் யூனிட்டின் மூடும் பொத்தான். திரையில் மொத்தமும் நேரமும் வரும். எழுதுங்கள்.

அடுத்து, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி. முகப்பில் பாருங்கள்: 17ஏ-யில் பதிவானவர்கள், அதில் வாக்களிக்க மறுத்தவர்கள், விதி மீறியதால் தடுக்கப்பட்டவர்கள், சோதனை வாக்குகள், இயந்திரம் காட்டும் மொத்தம். 17ஏ எண்ணிக்கையிலிருந்து மறுத்தவர்களையும் தடுக்கப்பட்டவர்களையும் கழித்தால் இயந்திர மொத்தம் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, 17ஏ-யில் 913, மறுத்தவர் 2, தடுக்கப்பட்டவர் 1 என்றால் இயந்திரம் 910 காட்ட வேண்டும். அதற்குள் ஒரு சோதனை வாக்கு இருந்தால் எண்ணும்போது செல்லுபடியாவது 909. இந்தக் கழித்தலை நீங்களே போட்டுப் பார்த்த பிறகு நகலை வாங்குங்கள். முத்திரைத் தாள்களின் எண் கணக்கும் அதே படிவத்தில் இருக்கும். காலையில் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

முடிவில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் 17சி-யின் உண்மை நகலைத் தர வேண்டும் என்பது விதி 49எஸ். பெற்றுக்கொண்டதற்கு ரசீது போட்டு வாங்குங்கள். சோர்ந்து போய் 5 மணிக்கே கிளம்பிய முகவருக்கு இந்த நகல் கிடைக்காது; அந்தச் சாவடியில் அவருடைய நாள் முழுவதும் வீண். சாவடியை விட்டு வெளியே வரும்போது கையில் அந்தத் தாள் இருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் புதியவர்களிடம் முதலில் கேட்போம். இயந்திரப் பெட்டியை மூடி முத்திரையிடும்போதும் உங்கள் கையெழுத்து போடலாம். சேகரிப்பு மையத்துக்குப் போகும் வாகனத்தைத் தனி வண்டியில் பின்தொடரலாம்.

17சி நகலை அன்று இரவே தொகுதி அலுவலகத்தில் கொடுத்து, ஒரு ஜெராக்ஸ் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை முகவர் மேசைக்கு மேசை இதை வைத்துத்தான் வேலை செய்வார்: கன்ட்ரோல் யூனிட் எண், முத்திரை எண்கள், மொத்த வாக்கு. திரையின் மொத்தமும் 17சி-யும் பொருந்தவில்லை என்றால் முடிவைக் குறிக்குமுன் அந்த இடத்திலேயே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொகுதிக்குக் குலுக்கலில் 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகள் எண்ணப்படும். அந்த ஐந்தில் உங்கள் சாவடி வந்தால் காலையில் நீங்கள் எழுதிய நோட்டைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள்.

முடிவு வந்த 7 நாளுக்குள், இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்த வேட்பாளர்கள் தொகுதியின் 5 விழுக்காடு இயந்திரங்களைச் சரிபார்க்கக் கட்டணம் கட்டி எழுத்தில் கேட்கலாம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. எந்தச் சாவடி இயந்திரத்தைக் கேட்பது என்று முடிவு செய்ய முகவர்களின் நோட்டுகளைத்தான் புரட்டுவார்கள். தேர்தல் மனு போட 45 நாள். புதுச்சேரிக்குச் சென்னை உயர் நீதிமன்றம். அந்தக் கெடு முடியும்வரை நோட்டையும் ஜெராக்ஸையும் தூக்கிப் போடாதீர்கள்.